கியர் போட்ட கை

கியர்னு ஒரு வார்த்தையக் கேட்டாலே நான் இன்னைக்கும் ரெண்டடி தள்ளி நின்னுக்குவேன். பஸ்ஸுல போறப்ப டிரைவருக்குப் பக்கத்துல இருக்குற சீட்டுல உக்காரவே மாட்டேன். "மதினி, முன்னாடி காலியாத்தான் கெடக்கு, வாங்க"ன்னு கண்டக்டர் கருப்பணன் கூப்பிடுவாப்புல. "உன் கரிசனத்தைப் பையில போட்டு வச்சுக்கப்பு, தூக்கித் தூக்கிப் போட்டாலும் நான் பின்னாலயே வாரேன்"னு சொல்லிருவேன். ஏன்னு கேட்டா சொல்றேன். கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

எங்க வீட்டுக்காரரு சிலுவைமுத்து. திண்டுக்கல்லுக்கும் சிறுமலைக்கும் ஓடுற நல்லுசாமி முதலாளி பஸ்ஸுக்கு டிரைவரா இருந்தாரு. மலை வண்டி ஓட்டுறவருன்னா லேசுப்பட்ட ஆளா? வளைவுல எதுத்தாப்புல வாழைத்தார் ஏத்துன லாரி வந்தா, பள்ளத்துப் பக்கம் ஒரு முழம் எடத்துல ஒதுங்கி நிக்கணும். மனுசனுக்கு அந்தப் பெருமை தாங்காது. சோறு திங்க உக்காந்தாலும் இடது கை சும்மா இருக்காது. பக்கத்துல இருக்குற தண்ணிச் சொம்பைப் புடிச்சு முன்ன ஒரு தள்ளு, பின்ன ஒரு இழுப்பு. "சோத்துக்கு எதுக்குய்யா செகண்ட் கியரு?"ம்பேன். "உன் சோறு தொண்டையில ஏத்தம்டி, டாப்புல போனா நின்னுரும்"பாரு. ஐரின் விழுந்து விழுந்து சிரிப்பா. ஐரின் எங்க ஒத்தப் புள்ள, அப்ப பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தா.

தொண்ணூத்தெட்டு மாசி மாசம் அந்தக் கை போச்சு. மலையில இருந்து எறங்கி வாரப்பவே மரத்த மாதிரி இருந்துச்சாம். வாயத் தொறந்து ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. வலது கையக் குறுக்க நீட்டிக் கியர் போட்டுக்கிட்டே எறங்கி, ஊருக்குள்ள வந்து, பஸ் ஸ்டாண்டுல எப்பவும் நிறுத்துற எடத்துல நிறுத்தி, எஞ்சினை அணைச்சுட்டு அப்புறம்தான் சாய்ஞ்சாரு. அம்புட்டு சனமும் கூடையும் மூட்டையுமா எறங்கிப் போன பெறகுதான், அண்ணன் அசந்து தூங்கலைன்னு கருப்பணனுக்குத் தெரிஞ்சிருக்கு. மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணுல அடைப்புன்னாங்க. பக்கவாதம். வாய் லேசாக் கோணி நேராயிருச்சு, பேச்சுக்குக் கொறையில்லை. இடது கால் கம்பு ஊனி நடக்குற அளவுக்குத் தேறிருச்சு. இடது கை மட்டும் தோள்ல தொங்கிக்கிட்டே கெடந்துச்சு. பாக்க வந்தவங்க எல்லார்கிட்டயும் அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "வண்டிய நிறுத்தாம நான் விழுகலை பாத்துக்கங்க."

நல்லுசாமி முதலாளியும் வந்து பாத்தாரு. ஆரஞ்சுப் பழத்தை வச்சுட்டு, "கை வரட்டும் சிலுவை, அன்னைக்கே வண்டி உன்னுது. அதுவரைக்கும் ஒரு பயலை ஓட்டச் சொல்லிருக்கேன்"னாரு. நல்ல மனசுல சொன்ன வார்த்தைதான். ஆனா எங்க வீட்டுல அதுதான் வேதவாக்கு ஆயிருச்சு. கை வந்துருச்சுன்னா எல்லாம் வந்துரும். கை வராட்டி அவரு யாருமில்லை. அப்படித்தான் அவரு நெனச்சாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன், எதுக்குப் பொய்?

நான் வெங்காயப் பேட்டைக்கு வேலைக்குப் போனேன். நாள் முச்சூடும் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கணும். சொத்தை தனி, முளை விட்டது தனி. அந்த வேலையில ஒரு வசதி, எப்ப வேணும்னாலும் கண்ணீர் விட்டுக்கலாம், ஏன்னு ஒரு நாதி கேக்காது. செவ்வாக்கிழமை ஆனா அந்தோணியார் கோயில். "அந்தோணியாரே, அந்தக் கைய ஆட்டிக் குடும். வெள்ளியில ஒரு கை செஞ்சு உம்ம காலடியில வைக்கிறேன்"னு நேந்துக்கிட்டேன்.

ஆவணியில ஒரு நாள் காலையில ஐரின் சடை பின்னிக்கிட்டிருந்தா. திடீர்னு, "அம்மா! அப்பா கையப் பாரு!"ன்னு ஒரு கத்து. தாளிச்சது தாளிச்சபடி ஓடியாந்தேன். கட்டில்ல உக்காந்திருக்காரு. மடியில கெடக்குற இடது கையில பெருவிரல் வெட்டி வெட்டி இழுக்குது. பாத்துக்கிட்டு இருக்கும்போதே மத்த விரலும் சேந்துக்கிச்சு. அப்புறம் மணிக்கட்டு. டக்கு டக்குன்னு முன்னயும் பின்னயும். செத்த நேரம்தான், நின்னுருச்சு.

"மேரி, நான் ஆட்டலைடி. அதுவா ஆடுது"ன்னாரு.

"அதுவா ஆடுனா இன்னும் நல்லதுதானய்யா! உசுரு வந்துருச்சு!"ன்னு அவரு தலையக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். ஐரின் ஒரு பக்கம் அழுகுறா, நான் ஒரு பக்கம் அழுகுறேன். பக்கத்து வீட்டு மாயம்மாள் அக்கா ஓடியாந்து, "அடி ஆத்தி, செத்த கையில உசுரா!"ன்னு கன்னத்துல கைய வச்சுக்கிட்டு நின்னுச்சு.

சாயங்காலம் கருப்பணன் வந்தாப்புல. வந்த நேரம் பாத்து மறுபடி ஆடுச்சு. குனிஞ்சு உத்துப் பாத்துட்டு, "மதினி, இது சும்மா ஆட்டம் இல்லை. கியரு! ஃபர்ஸ்ட்டு, செகண்டு... அண்ணன் கட்டில்ல இருந்துக்கிட்டே மலை ஏறுறாரு பாருங்க!"ன்னு குதிச்சாப்புல. அம்புட்டுதான். அன்னைக்கு வச்ச பேரு ஒட்டிக்கிச்சு. கை ஆடுச்சுன்னு எங்க தெருவுல யாரும் சொல்ல மாட்டாங்க. "சிலுவை அண்ணன் கை இன்னைக்குக் கியர் போட்டுச்சா?"ம்பாங்க. "காலையில ஒருக்கா போட்டுச்சு"ன்னு நான் என்னமோ பசு பால் கறந்த கணக்கா பதில் சொல்லுவேன்.

ஒவ்வொரு தடவை ஆடி முடிச்சதும் அந்தக் கை முன்ன இருந்ததை விட மோசமாத் தொவண்டு போகும். அவரும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவாரு. "மலை ஏறுன அலுப்பு"ன்னு போர்வையப் போத்தி விடுவேன். ஒரு தடவை கை ஆடும்போது வாய் ஓரமும் சேந்து இழுத்துச்சு. "சிரிக்கிறாரு பாரு"ன்னோம். எங்களுக்கெல்லாம் எங்கிட்டுத்தான் போச்சோ புத்தி.

மாத்திரை எழுதி வாங்க எங்க தெருமுக்குல இருக்குற டாக்டர்கிட்ட போனப்ப, வெளியில சனம் வரிசை கட்டி நிக்குது, அவரு நிமிந்துகூடப் பாக்கலை. "எப்படிம்மா இருக்காரு?" "கை கியர் போடுது டாக்டர்!" எனக்கு வாயெல்லாம் பல்லு. "ரொம்ப நல்லது, விடாமப் பயிற்சி குடுங்க. வலிப்பு கிலிப்பு எதுவும் வரலையே?" "சேச்சே, அதெல்லாம் எங்க வம்சத்துலயே கெடையாது"ன்னேன். வலிப்புன்னா என்ன? நடுரோட்டுல விழுந்து, வாயில நொரை தள்ளி, கூட்டம் கூடி நிக்கும், அதானே? கட்டில்ல உக்காந்துக்கிட்டு விரல் மட்டும் ஆடுறதுக்குப் பேரு வலிப்புன்னு நாங்க எங்க கண்டோம்? எங்களுக்கு அது கியரு.

வெள்ளிக் கை வாங்கிட்டேன். என் உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸு, ஆனா அஞ்சு விரலும் அம்புட்டு லெச்சணமா இருந்துச்சு. செவ்வாக்கிழமை நவநாள் பூசைக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போனோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "நானே என் கையால காணிக்கை வைக்கிறேன்"னாரு. பூசை முடிஞ்சு சனம் வரிசையாப் போகுது. அவரு வலது கையில வெள்ளிக் கைய வச்சுக்கிட்டு, அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னாடி போயி நிக்கிறாரு. அந்நேரம் பாத்து இடது கை ஆட ஆரம்பிச்சுச்சு.

பின்னால நின்ன ஒரு அம்மா, "புதுமை! அந்தோணியார் புதுமை!"ன்னு கூவுச்சு. அற்புதம் நடந்துருச்சுன்னு சனம் முட்டி போட்டிருச்சு. ஒருத்தரு கை தட்டுறாரு, ஒருத்தரு நெஞ்சுல சிலுவை போடுறாரு. என் தலையில யாரோ பூவை அள்ளிப் போட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. கை ஆட்டம் முழங்கைக்கு ஏறுச்சு, தோளுக்கு ஏறுச்சு. சனம் இன்னும் சத்தமா ஸ்தோத்திரம் சொல்லுது. அவரு தலை இடது பக்கமா மெல்லத் திரும்புச்சு. கண்ணு என்னைப் பாக்கலை. கண்ணுல ஆளே இல்லை. வெள்ளிக் கை தரையில விழுந்து கிணுங்குன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அடுத்த நொடி மரம் சாஞ்ச மாதிரி விழுந்தாரு. ஒடம்பு முச்சூடும் வெட்டி வெட்டி இழுக்குது. நாக்கைக் கடிச்சு ரத்தம். வெள்ளை வேட்டி நனைஞ்சு போச்சு.

"சேசு மரியே சூசையே!"ன்னு நான் அலறுறேன். உபதேசியார் கோயில் சாவிக்கொத்தைக் கொண்டாந்து அவரு கைக்குள்ள திணிக்கிறாரு, இரும்பைப் புடிச்சா நின்னுருமாம். ஒரு மகராசன் செருப்பை எடுத்து மூக்குல காட்டச் சொல்றான், கோயிலுக்குள்ள! சித்த முன்னாடி புதுமைன்னு கூவுன அம்மா, "காக்கா வலிப்புடி, புள்ளைகளைத் தள்ளி நிறுத்து"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. அந்தப் பொம்பளையை இன்னைக்கு வரைக்கும் நான் மன்னிக்கலை. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லிட்டேன், மன்னிக்க முடியலை சாமின்னு.

மதுரைக்குக் கொண்டு போனோம். தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்த டாக்டரம்மா, வயசு கம்மிதான், ஆனா நிதானமான பொம்பளை. எங்களை உக்கார வச்சு ஆரம்பத்துல இருந்து கேட்டாங்க. நான் கியர் கதையச் சொன்னேன். எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வச்சுட்டாங்க.

"ஆடும்போது நிறுத்துன்னு சொன்னா நின்னுச்சா?"

நான் அவரைப் பாக்குறேன், அவரு என்னைப் பாக்குறாரு. ஆடு ஆடுன்னு கும்பிட்டோமே ஒழிய, நில்லுன்னு ஒருத்தராவது சொல்லிப் பாத்தோமா?

"தானா நிறுத்த முடியலைன்னா அது அவரு ஆட்டுறது இல்லம்மா. அதுவும் வலிப்புதான்"னாங்க. "அடைப்பு வந்தப்ப மூளையில ஒரு எடம் செத்துப்போச்சு. செத்த எடம் ஒண்ணும் பண்ணாது, சும்மா கெடக்கும். அதைச் சுத்தி உசுரோட இருக்குற எடம்தான் சும்மா இருக்காது. பழைய தொடுப்பு அறுந்துபோனதால புதுசு புதுசா தொடுப்புப் போடப் பாக்கும். பக்கத்துல மட்டும் இல்லை, தூரத்துல, மூளையோட மறுபக்கம் வரைக்கும் அந்த வலையே மாறும். அப்படி மாறுறதாலதான் இவருக்குக் கால் தேறுச்சு. ஆனா அதே மாதிரி போட்ட தொடுப்புல சிலது கோளாறா அமைஞ்சுரும். அப்ப அங்க இருக்குற அம்புட்டும் ஒரே நேரத்துல கத்த ஆரம்பிக்கும். அதுதான் வலிப்பு."

இவரு யோசிச்சுட்டு, "மலை ரோட்டுல மண்ணு சரிஞ்சா, வண்டியெல்லாம் சந்து வழியாத் திருப்பி விடுவாங்கம்மா. பஸ்ஸு, லாரி, மாட்டு வண்டி எல்லாம் ஒண்ணா உள்ள நுழைஞ்சு, எல்லாப் பயலும் ஹாரன் அடிப்பான். அந்த மாதிரியா?"ன்னு கேட்டாரு.

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஏன் சிலருக்கு மட்டும் அப்படி ஆகுதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது"ன்னாங்க. மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ஒரு வேளை தப்பக் கூடாது. தண்ணி, நெருப்பு, மாடி பக்கம் தனியா விடக் கூடாது. "இன்னொண்ணு. இனிமே வண்டி ஓட்டுறதை மறந்துருங்க. பஸ்ஸு கண்டிப்பா முடியாது"ன்னும் சொல்லிட்டாங்க. இவரு கேட்ட மாதிரியே காட்டிக்கலை. சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டிருந்தாரு.

மாத்திரை நல்லாத்தான் கேட்டுச்சு. வலிப்பு இல்லை, விழுகுறது இல்லை. ஆட்டமும் இல்லை. கை பழையபடி கட்டையாக் கெடந்துச்சு. எனக்கு அது நிம்மதி. அவருக்கு அது சாவு.

"கையக் கொல்றதுக்கு மதுரை வரைக்கும் போயி மருந்து வாங்கியாந்திருக்கா பாரு"ம்பாரு. "அந்தம்மா என்னடி சொன்னுச்சு? புதுத் தொடுப்புப் போட்டாத்தான் கால் தேறும், கை தேறும்னுச்சா இல்லையா? ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். வண்டிக ஓடுதுல்ல! இந்த மாத்திரை ரோட்டையே அடைச்சுருச்சு."

"கோயில்ல நீங்க விழுந்ததை நீங்க பாக்கலை. நான் பாத்தேன்"ம்பேன். அதுக்கு மேல பேச்சு வளந்தா வெஞ்சனத் தட்டைத் தள்ளி விடுவாரு. நான் மட்டும் லேசா? பதிலுக்குச் சட்டியவே கவுத்து வச்சுட்டுப் போவேன். ஐரின் நடுவுல உக்காந்து வெறுஞ்சோறு தின்னுட்டு எந்திரிப்பா.

கார்த்திகையில ஒரு நாள் நான் பேட்டையில இருந்தப்ப மாயம்மாள் அக்கா மூச்சு வாங்க ஓடியாந்துச்சு. நான் சாக்கு மேல இருந்து எந்திரிச்ச வேகத்துல வெங்காயம் அம்புட்டும் சிதறிப்போச்சு. வீட்டுக்குப் பின்னால எங்க சிமிண்டுத் தொட்டி இருக்கு, இடுப்பு உசரம். தண்ணி மோந்து குளிக்கப் போனவரு, குனிஞ்ச வாக்குல வலிப்பு வந்து தலை தொட்டிக்குள்ள போயிருச்சு. பள்ளிக்கூடம் விட்டு அந்நேரம் வீட்டுக்குள்ள நுழைஞ்ச புள்ள, அப்பா தலைமுடியப் புடிச்சு வெளிய இழுத்திருக்கா. ஐரின் செத்த நேரம் கழிச்சு வந்திருந்தா?

"மாத்திரை போட்டுமா இப்படி?"ன்னு எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். மதுரைக்குப் போயி அந்த டாக்டரம்மாவை நாலு கேள்வி கேக்கணும்னு சேலையக்கூட மாத்திட்டேன். அப்பத்தான் மாயம்மாள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "ஏ மேரி, கேக்கணும்னு இருந்தேன். எங்க செவலைக் கோழிக்கு உங்க வீட்டுல என்னத்தைடி போடுற? உங்க சன்னலுக்குக் கீழ மேஞ்சுட்டு வந்தா குடிகாரன் கணக்காத் தள்ளாடுது. நின்ன எடத்துல தூங்கி விழுகுது"ன்னுச்சு.

சன்னலுக்குக் கீழ போயிப் பாத்தேன். வெங்காயச் சருகுக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா, எச்சில்ல ஊறுன மாத்திரை. நான் கையில குடுத்து, தண்ணி குடுத்து, முழுங்குறதைப் பாத்துட்டு வேலைக்குப் போன அதே மாத்திரை. நாக்குக்கு அடியில வச்சிருந்து துப்பியிருக்காரு மனுசன்.

சிரிப்பும் வந்துச்சு, கொலவெறியும் வந்துச்சு. அள்ளிக்கிட்டு வந்து கட்டில்ல அவரு முன்னாடி கொட்டினேன்.

"யோவ்! வாழுறதுக்கா சாவுறதுக்கா? ஒரு கோழி தின்ன மாத்திரையக்கூட நீ திங்கலையே!"

அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "ஆடுச்சுடி மேரி. மாத்திரைய நிறுத்துன பெறகு மறுபடி ஆடுச்சு. நீ பேட்டைக்குப் போன பெறகு, ஒத்தையில உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருப்பேன். அது ஆடுறப்ப வளைவு ஒவ்வொண்ணா கண்ணு முன்னாடி வரும். மத்த நேரம் நான் என்ன? தோள்ல ஒரு கட்டையத் தொங்க விட்டுக்கிட்டு நீ போடுற சோத்தைத் திங்கிறவன். கியர் போடாதவனை யாருடி டிரைவர்ம்பான்?"

கேக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு எளகுனா ஆளு மிஞ்ச மாட்டாருன்னும் தெரிஞ்சுச்சு. "வண்டிய நிறுத்தாம நான் விழுகலைன்னு ஊரெல்லாம் சொன்னீங்கள்ல? தொட்டியில நிறுத்திட்டா விழுந்தீங்க? அன்னைக்கு உங்க வண்டியில உக்காந்திருந்த சனம் ஐரின்தான். அந்தப் புள்ள எதுக்குப் பள்ளிக்கூடம் போகாம இங்க உக்காந்திருக்குன்னு நெனைக்கிறீங்க? லீவுன்னா? உங்க கை ஆடுதா ஆடுதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. தண்ணி மோக்கப் போனாலும் திரும்பித் திரும்பிப் பாக்குறா. நீங்க ஆடணும்னு பாக்குறீங்க, அவ ஆடக் கூடாதுன்னு பாக்குறா."

ஐரின் வாசப்படியில நின்னா. பள்ளிக்கூடப் பை ஆணியில தொங்குனது தொங்குனபடி இருந்துச்சு. அவரு அதைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. வலது கையால மொகத்தை மூடிக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாரு. கட்டிக்கிட்டு வந்த நாளா அவரு அழுது அன்னைக்குத்தான் பாத்தேன்.

அப்புறம் மாத்திரையக் குடுத்தேன். "வாயத் தொறங்க. நாக்கைத் தூக்குங்க"ன்னு பாத்துட்டுத்தான் விட்டேன். அதுல இருந்து தினம் அதே சோதனைதான். அவருக்கு அவமானம், எனக்கும்தான். ஆனா ஐரின் பைய எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனா.

செவ்வாக்கிழமை கோயிலுக்குப் போனேன். அன்னைக்குக் கீழ விழுந்த வெள்ளிக் கைய யாரோ எடுத்து மத்த காணிக்கை உருவங்களோட மாட்டி வச்சிருந்தாங்க. அதுக்கு நேரா நின்னு, "அந்தோணியாரே, உமக்கும் எனக்கும் பேச்சு ஒத்து வரலை. நான் ஒண்ணு கேட்டேன், நீர் ஒண்ணு குடுத்தீர். குடுத்த கைய நான் திருப்பிக் கேக்கலை. இனிமே அது ஆடாம பாத்துக்கும். ஆடவே வேணாம்"னேன். ஆடணும்னு மாசக்கணக்கா கும்பிட்ட வாயால ஆடக் கூடாதுன்னு கும்பிட்டுட்டு வெளிய வந்து, அந்த வெயில்ல செருப்பு மாட்டாமலே பாதித் தெரு நடந்திருக்கேன்.

அதுக்குப் பெறகு அவரு கேட்டாருன்னு ஒரு காரியம் செஞ்சோம். கைக்குப் பயிற்சி குடுக்கச் சொல்லி டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. பேட்டையில இருந்து வந்ததும் தண்ணிச் சொம்பைக் கட்டில்ல வச்சு, அது மேல அவரு இடது கைய மடக்கி வச்சு, அதுக்கு மேல என் கைய வச்சுக்குவேன். கண்ணை மூடிக்கிட்டு அவரு சொல்லுவாரு, நான் தள்ளணும். "வளைவு வருது, செகண்டு. தள்ளாதடி, இழு. ஏத்தத்துல இப்படித் தூங்குனா சனம் எறங்கித் தள்ளணும்." "கியரை நான் போடுறேன், ரோட்டை நீங்க பாருங்க"ம்பேன். கண்டக்டருக்கு வாக்கப்பட்டிருந்தா டிக்கெட்டோட போயிருக்கும் என் பொழப்பு. அவரு சிரிப்பாரு. என் கைக்கு அடியில அந்தக் கை துளி துடிச்சாலும் எனக்கு உசுரு போயி உசுரு வரும், அதை நான் அவருகிட்ட சொன்னதில்லை.

மறு வருசம் பங்குனியில ஒரு சாயங்காலம். ஐரின் பரிச்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தா. சொம்பு மேல கைய வச்சு ஒரு வளைவுகூட ஏறலை, "செத்த பொறுடி, கைய எடு"ன்னாரு. எடுத்தேன். சொம்பு மேல கெடந்த விரல்ல, ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல உசந்துச்சு.

ஐரின் புஸ்தகத்தைப் போட்டுட்டுத் தலகாணி எடுக்க ஓடுறா, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணுமே. நான் பக்கத்துல இருந்த அரிவாமனையக் காலால தள்ளி விட்டேன்.

"பயப்படாதீங்க. நாந்தான் ஆட்டுறேன்"னாரு.

எப்படி நம்புறது? கோயில்லயும் இப்படித்தான் விரல்ல ஆரம்பிச்சுச்சு. அவரு கண்ணைப் பாத்தேன். ஆளு இருந்தாரு. என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பத்தான் டாக்டரம்மா கேட்டது ஞாபகம் வந்துச்சு.

"நிறுத்துங்க"ன்னேன். குரல் எனக்கே கேக்கலை.

விரல் எறங்கிச் சொம்பு மேல படுத்துக்கிச்சு.

"ஆட்டுங்க." உசந்துச்சு. "நிறுத்துங்க." நின்னுச்சு. மறுபடி ஆட்டச் சொன்னேன். உசந்துக்கிட்டு இருக்கும்போதே, பாதியில, "நில்லு!"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனேன். பாதியிலயே நின்னுச்சு. லேசா நடுங்குச்சு, ஆனா நின்னுச்சு.

"பிரேக் புடிக்குதுடி மேரி"ன்னாரு.

தலகாணியக் கட்டிக்கிட்டு ஐரின் தரையில உக்காந்துட்டா. எனக்கு அழுகைன்னா அழுகை, அன்னைக்கு வெங்காயத்து மேல பழி போடவும் முடியலை. ஒரு விரல்தான். அதுக்கு மேல அந்தக் கை இன்னைக்கு வரைக்கும் வரலை, வண்டியும் அவரு ஓட்டலை. நல்லுசாமி முதலாளி அந்தப் பயலையே நிரந்தரமா வச்சுக்கிட்டாரு.

"மணி என்ன ஆச்சு? மாத்திரைய எடு"ன்னாரு. அவரா கேட்டது அதுதான் மொத தடவை. குடுத்தேன். தண்ணியக் குடிச்சாரு. நான் சொல்றதுக்கு முன்னாடியே வாயத் தொறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுனாரு.